28 டிகிரி நீரும் ஒரு நகரமும்: ஹேர்லென் சுரங்க நீர்த் திட்டம் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஓர் அறையை 20 டிகிரியில் வைத்திருப்பதற்காக, ஏறத்தாழ 1,900 டிகிரி வரை எட்டக்கூடிய எரிவாயுச் சுடரைப் பற்றவைக்கிறோம். குளிர்நாடுகளின் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். ஆற்றலின் அளவை மட்டும் பார்த்தால் இதில் பெரிய விரயம் இல்லை. புகையிலுள்ள நீராவியின் சூட்டையும் மீட்டெடுக்கும் நல்ல கண்டென்சிங் பாய்லர் ஒன்று எரிபொருளின் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் அறைக்குள் சேர்த்துவிடும். விரயமாவது தரம். அந்தச் சுடரைக் கொண்டு விசையாழி ஓட்டலாம், எஃகு உருக்கலாம். அதை அறைக்காற்றின் மிதமான சூடாகக் கரைத்துவிட்ட பிறகு திரும்பப் பெற வழியில்லை.

பொறியாளர்கள் இந்தத் தரத்தை எக்ஸர்ஜி என்ற அளவால், அதாவது ஒரு வெப்பத்திலிருந்து உச்சமாக எவ்வளவு வேலை வாங்க முடியும் என்பதால், கணிக்கிறார்கள். வெளியே 5 டிகிரி இருக்கும் நாளில் 28 டிகிரி நீரிலிருந்து எடுக்கும் 100 அலகு வெப்பத்தைக் கொண்டு, கோட்பாட்டளவில்கூட 8 அலகுக்கு மேல் வேலை வாங்க முடியாது. மின்சாரம் தயாரிக்கவோ ஆலை ஓட்டவோ இது உதவாது. ஆனால் 20 டிகிரி அறைக்குத் தேவைப்படும் வெப்பத்தின் தரம் என்ன? அதே கணக்கில் 100க்கு 5 அலகு. எதற்கும் ஆகாத வெப்பம் என்று நாம் ஒதுக்குவது, கட்டடத்தைச் சூடாக்க வேண்டியதைவிடச் சற்று உயர்ந்த தரத்திலேயே இருக்கிறது.

இந்த எண்ணத்தை ஒரு நகர அளவில் செய்து பார்த்த இடம் நெதர்லாந்தின் தென்கோடியில் இருக்கும் ஹேர்லென். அங்கே முதல் வடிவமைப்பு இயங்கியது, ஆனால் நீண்டகாலம் தாங்கும் நிலையில் இல்லை. இரண்டாவது வடிவமைப்பு தாங்கியது. இரண்டுக்கும் நடுவே மாறியது என்ன என்பதே இந்த ஆய்வின் பொருள்.

நிலக்கரியிலிருந்து நீருக்கு

லிம்பர்க் மாகாணத்தின் தென்பகுதி முழுக்க நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்தது. 1959இல் வடக்கே குரோனிங்கனில் மாபெரும் இயற்கை எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டதும் நிலைமை தலைகீழானது. 1965 டிசம்பர் 17 அன்று பொருளாதார அமைச்சர் யோப் டென் அய்ல் ஹேர்லென் நகர அரங்குக்கே வந்து சுரங்கங்கள் மூடப்படும் என்று அறிவித்தார். கடைசிச் சுரங்கமான ‘ஓரான்யே-நசாவ் 1’ 1974 டிசம்பர் 31இல் மூடப்பட்டது. நீர் இறைக்கும் பம்புகளும் பின்னர் நிறுத்தப்பட்டதால் நிலத்தடிச் சுரங்கப்பாதைகளிலும், கரி எடுத்தபின் இடிந்து கிடந்த வெற்றிடங்களிலும் மெல்ல நீர் ஏறியது.

பூமிக்குள் இறங்க இறங்க 100 மீட்டருக்கு ஏறத்தாழ 3 டிகிரி வெப்பம் கூடும். அதனால் 700 மீட்டர் ஆழத்தில் நின்ற நீர் 28 டிகிரி, 250 மீட்டர் ஆழத்தில் நின்றது 16 டிகிரி. இந்த இரண்டு எண்களும் ஒரே ஊரின் அடியில் கிடைத்தது அதிர்ஷ்டம்தான். 28 டிகிரி குளிர்காலத்துக்கு உதவும். 16 டிகிரி நீரைக் கோடையில் எந்தக் குளிரூட்டும் இயந்திரமும் இல்லாமல் நேரடியாகக் கூரைக் குழாய்களில் ஓடவிட்டு அலுவலகத்தைக் குளிர்விக்கலாம்; செலவு பம்பு ஓட்டும் மின்சாரம் மட்டுமே.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு ஐந்து ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. 700 மீட்டருக்குக் கீழே சில மீட்டர் அகலமே உள்ள ஒரு பழைய சுரங்கப்பாதையைக் குறிவைத்துத் துளையிடுவது எளிதல்ல. பழைய சுரங்க வரைபடங்கள் துல்லியமாக இருந்தால்தான் அந்தப் பேச்சே எழும். வடக்கே ஹேர்லர்ஹைடே பகுதியில் சுடுநீருக்கு இரண்டு, நகர மையத்தில் குளிர்நீருக்கு இரண்டு, பயன்படுத்திய நீரைத் திருப்பி அனுப்ப ஒன்று. 2008 அக்டோபரில் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. ஹேர்லர்ஹைடேயின் புதிய குடியிருப்பு மையமும், பிறகு நெதர்லாந்துப் புள்ளியியல் துறையான சிபிஎஸ்ஸின் ஹேர்லென் அலுவலகமும் முதலில் இணைந்தன.

ஆழத்தைக் கேட்டதும் பலரும் நினைப்பது, 700 மீட்டரிலிருந்து நீரை மேலே தூக்கவே வெப்பத்தைவிட அதிக மின்சாரம் செலவாகுமே என்பது. அப்படி இல்லை. கிணற்றின் ஆழம் வேறு, நீர்மட்டம் வேறு. வெள்ளம் நிரம்பிய சுரங்கத்தில் நீர் தானே மேலேறி நிற்கும். அந்த மட்டத்திலிருந்து தரைக்கு உள்ள உயரத்துக்கு மட்டுமே பம்பு வேலை செய்ய வேண்டும். மணிக்கு 80 கன மீட்டர் நீர் எடுத்து, 28 டிகிரியிலிருந்து 16க்குக் குளிர்வித்தால் ஏறத்தாழ 1,100 கிலோவாட் வெப்பம் கிடைக்கும். அதே நீரை 100 மீட்டர் உயரம் தூக்க, பம்பின் இழப்பையும் சேர்த்து 40 கிலோவாட்டுக்குள் முடிந்துவிடும். ஆனால் 12 டிகிரிக்குப் பதிலாக 4 டிகிரி மட்டும் குளிர்வித்தால்? பம்புச் செலவு அதேதான், வெப்பம் மூன்றில் ஒன்று. இந்தக் கடைசிக் கணக்கைப் பின்னர் மீண்டும் பார்ப்போம்.

முதல் வடிவமைப்பின் சிக்கல்

முதல் திட்டம் நேர்கோடு போன்றது. சூடான கிணற்றிலிருந்து நீர் எடு, மத்திய நிலையத்தில் பெரிய வெப்பப் பம்புகளால் சூட்டை உயர்த்து, கட்டடங்களுக்கு அனுப்பு, ஆறிய நீரை நடு ஆழத்திலுள்ள திரும்பு கிணற்றில் விடு. கடுங்குளிர் நாட்களுக்கு எரிவாயு பாய்லர்களும் துணைக்கு இருந்தன. சுருக்கமாகச் சொன்னால், சுரங்கத்திலிருந்து நிலக்கரி எடுத்த மனப்பான்மையிலேயே வெப்பமும் எடுக்கப்பட்டது.

அடியில் இருக்கும் நீரின் கொள்ளளவு பெரிதுதான், எல்லையற்றது அல்ல. பூமியின் ஆழத்திலிருந்து இயல்பாக மேலே வரும் வெப்ப ஓட்டம் ஒரு சதுர மீட்டருக்கு வாட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஒரு நகரம் எடுக்கும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. தொடர்ந்து எடுத்துக்கொண்டே போனால் சூடான பகுதி ஆறும், குளிர்ந்த பகுதி கோடைக் கழிவு வெப்பத்தால் சூடேறும், கடைசியில் இரண்டும் நடுவில் எங்கோ சந்தித்துவிடும். அதோடு, ஒரே திசையில் ஓடும் கிணறுகளும் குழாய்களும் தரும் ஓட்ட அளவுக்கு மேல் புதிய கட்டடங்களைச் சேர்க்கவும் முடியாது.

என் பார்வையில் இங்கே நடந்தது பொறியியல் பிழை அல்ல, கணக்கெழுதும் முறையின் பிழை. சுரங்கத்தை வரவுப் பக்கத்தில் எழுதினார்கள். அது இருப்புப் பக்கத்தில் இருக்க வேண்டியது.

இரண்டாவது வடிவமைப்பு: எடுப்பதிலிருந்து மாற்றிக்கொள்வதற்கு

2013இல் திட்டத்துக்காக மைன்வாட்டர் என்ற தனி நிறுவனம் உருவானது. வடிவமைப்பும் அடியோடு மாற்றப்பட்டது. மாற்றத்தின் மையம் இது: ஒரு கட்டடத்துக்கு வெப்பம் தேவைப்படும் அதே நேரத்தில் பக்கத்துக் கட்டடம் ஒன்று வெப்பத்தை வெளியேற்றத் தவித்துக்கொண்டிருக்கும். முதலில் அந்த இரண்டையும் இணை. மிஞ்சுவதை மட்டும் சுரங்கத்தில் போடு, குறைவதை மட்டும் சுரங்கத்திலிருந்து எடு.

ஹேர்லெனில் அந்த வெப்பம் உண்மையிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஓய்வூதிய நிதியை நிர்வகிக்கும் ஏபிஜி நிறுவனத்தின் தரவு மையம் குளிர்காலம், கோடைக்காலம் என்ற பேதமில்லாமல் 24 மணி நேரமும் சூட்டைக் கக்கியது. அந்தச் சூடு ஆர்க்கஸ் கல்லூரி போன்ற கட்டடங்களுக்குப் போனது. ஹேர்லர்ஹைடே பக்கம் ஓர் இரும்பு வார்ப்பாலையும், குளிர்பதனப் பெட்டிகள் ஓடும் பேரங்காடியும் இதே வேலைக்கு வந்தன. பேரங்காடியின் உறைபதனப் பெட்டிக்குப் பின்னால் வெளியேறும் இளஞ்சூட்டுக் காற்றை நினைத்துப் பார்த்தால், இத்தனை காலம் அதை வானத்துக்கு அனுப்ப மின்விசிறி ஓட்டினோம் என்பது வேடிக்கையாகவே இருக்கிறது.

அமைப்பு மூன்று அடுக்காகப் பிரிந்தது. கட்டடத்துக்குள் அதற்கென்று சொந்த வெப்பப் பம்பு. பக்கத்துக் கட்டடங்களைச் சேர்க்கும் சிறு வலை. அதில் சூட்டுக்குழாய், குளிர்க்குழாய் என இரண்டே குழாய்கள். வலைகளை ஒன்றோடொன்று இணைப்பது சுரங்க நீர் ஓடும் தாய்க்குழாய். சூட்டுக்குழாயில் ஏறத்தாழ 28 டிகிரி, குளிர்க்குழாயில் ஏறத்தாழ 16. வெப்பம் வேண்டிய கட்டடம் சூட்டுக்குழாயிலிருந்து நீரை இழுத்து, ஆறவைத்து, குளிர்க்குழாயில் விடும். குளிர்ச்சி வேண்டிய கட்டடம் அதைத் தலைகீழாகச் செய்யும். இரண்டு கட்டடங்களின் தேவையும் சமமானால் சுரங்கக் கிணற்றுப் பம்பு ஓட வேண்டியதே இல்லை. கிணறுகளையும் எடுக்க, செலுத்த என இரு வேலைக்கும் ஏற்றபடி மாற்றினார்கள்.

ஒவ்வொரு கட்டடமும் தனக்கு வேண்டிய நீரைத் தானே இழுத்துக்கொள்கிறது என்பது சிறிய விவரம் போலத் தோன்றும். பழைய நகர வெப்ப வலைகளில் நடு நிலையம்தான் தள்ளும். யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று அதற்குத் தெரியாததால் மிகுதியாகத் தள்ளி வைக்கும். இங்கே தேவை எழுந்தால்தான் நீர் நகரும். பின்னர் 2015இல் தொடங்கிய ஸ்டார்ம் என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் இதற்கு மேல் ஒரு கட்டுப்பாட்டு மென்பொருளையும் ஹேர்லெனிலும் சுவீடனின் ரோட்னே ஊரிலும் சோதித்தது: நாளைய வானிலையைப் பார்த்து, உச்சத் தேவையை முன்கூட்டியே பரப்பி வைக்கும் வேலை அது.

குறைந்த சூட்டு வலைக்கு ஒரு பெரிய லாபம் உண்டு. மண் 10 டிகிரி என்றால், 90 டிகிரி குழாய்க்கும் மண்ணுக்கும் வித்தியாசம் 80. 28 டிகிரி குழாய்க்கு வெறும் 18. ஒரே தரமான உறை போட்டாலும் இழப்பு கால் பங்குக்கும் கீழே. விலை மலிவான பிளாஸ்டிக் குழாயே போதும். விற்பனைப் பேச்சில் விட்டுவிடும் மறுபக்கமும் உண்டு. பழைய வலையில் அனுப்பும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 40 டிகிரி வித்தியாசம் வைக்கலாம், இங்கே 12தான். அதே வெப்பத்தைக் கொண்டு செல்ல மூன்று மடங்குக்கு மேல் நீர் ஓட வேண்டும். குழாய் பருக்கும், பள்ளம் அகலமாகும், தெரு நீண்ட நாள் மூடப்படும். தூரம் கூடக் கூட இந்தக் கணக்கு கசக்கும். வாங்குபவரும் விற்பவரும் அடுத்தடுத்து இருக்கும் ஊருக்குத்தான் இது ஒத்துவரும்.

வெப்பப் பம்பின் கணக்கு

28 டிகிரி நீரை நேரடியாக அறைக்கு அனுப்ப முடியாது. வெப்பப் பம்பு அதை 40, 45 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். வெப்பப் பம்பு என்பது குளிர்பதனப் பெட்டியின் அதே இயந்திரம்தான். வெப்பத்தைத் தாழ்ந்த இடத்திலிருந்து உயர்ந்த இடத்துக்கு நகர்த்துகிறது. எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்பதைப் பொறுத்தே மின்சாரச் செலவு.

வெப்பத்தை உறிஞ்சும் ஆவியாக்கி 20 டிகிரியிலும் அதை வெளிவிடும் ஒடுக்கி 45 டிகிரியிலும் இயங்கினால், கோட்பாட்டு உச்சத்தைச் சொல்லும் கார்னோ விதிப்படி ஓர் அலகு மின்சாரத்துக்கு உச்சமாக 12.7 அலகு வெப்பம். உண்மை இயந்திரங்கள் அதில் பாதி அளவைத் தொடும் என்று வைத்தால் 6. இதையே உறைநிலையில் இருக்கும் வெளிக்காற்றிலிருந்து எடுத்து, பழைய ரேடியேட்டருக்கு வேண்டிய 60 டிகிரி நீராகத் தருவதானால் ஆவியாக்கி மைனஸ் 8இலும் ஒடுக்கி 63இலும் நிற்கும், உச்சம் 4.7, நடைமுறையில் 2.4 அளவு. இரண்டுமே வெப்பப் பம்புதான். ஒரே வெப்பத்துக்கு ஒன்று மற்றொன்றைப் போல இரண்டரை மடங்கு மின்சாரம் குடிக்கிறது.

இந்த இடைவெளியில் பாதிக்கும் மேல் ஆதாரப் பக்கத்தில் வந்தது. மீதி அறைப் பக்கத்தில். ஆதாரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அறைப் பக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஆள் குறைவு.

அறைக்குள் நடப்பது

75 டிகிரி நீர் வந்து 65இல் திரும்பும்படி கணக்கிட்டுப் பொருத்திய ரேடியேட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு 45 டிகிரி நீரை அனுப்பி 35இல் திரும்ப வைத்தால், அறைக்கும் ரேடியேட்டருக்கும் சராசரி வித்தியாசம் 50இலிருந்து 20ஆகக் குறைகிறது. வெப்பம் 40 சதவீதமாகக் குறையும் என்று எண்ணுவோம். குறைவது 30 சதவீதத்துக்கு. காற்றின் இயல்பான ஓட்டமும் சேர்ந்து தளர்ந்துவிடுவதே காரணம். ஆக, சுவரைத் தொடாமல் ஆதாரத்தை மட்டும் மாற்றினால் வீடு குளிர்ந்தே கிடக்கும். வெப்பத் தேவையை மூன்றில் ஒன்றாக்கு, அல்லது வெப்பம் தரும் பரப்பை மூன்று மடங்காக்கு, அல்லது இரண்டையும் பாதிப் பாதி செய்.

தரைக்குள் குழாய் பதித்த வீட்டில் நிலைமை வேறு. நல்ல வெப்பக்காப்பு உள்ள வீட்டுக்குக் குளிர்நாளில் ஒரு சதுர மீட்டருக்கு 40 வாட் போதுமென்றால், தரையின் மேற்பரப்பு அறையைவிட 4 டிகிரி கூடுதலாக இருந்தாலே அது கிடைத்துவிடும். 24 டிகிரித் தரை. கால் வைத்தால் சூடு என்றே தெரியாது. இப்படிப்பட்ட தரையில் ஒரு மறைவான வசதியும் உண்டு: மாலை வெயில் சன்னல் வழியே விழுந்து அறை 22 டிகிரி ஆனால், தரை தரும் வெப்பம் தானாகவே பாதியாகிவிடும். தெர்மோஸ்டாட் கவனிக்கும் முன்பே.

இனி, முன்பு பாதியில் விட்ட பம்புக் கணக்கு. வலையின் உயிர், திரும்பி வரும் நீரின் வெப்பநிலையில் இருக்கிறது. கட்டடம் 28 டிகிரி நீரை வாங்கி 16இல் திருப்பினால் எல்லாம் சரி. 24இல் திருப்பினால் மூன்று மடங்கு நீர் ஓட வேண்டும். அதோடு குளிர்க்குழாய் சூடேறி, குளிர்ச்சிக்காக அதை நம்பியிருக்கும் அடுத்த கட்டடத்தின் பிழைப்பும் கெடும். இப்படிக் கெடுவதற்குப் பெரிய கோளாறு எதுவும் தேவையில்லை. பாய்லர் காலத்துப் பழக்கத்தில், இயந்திர அறையின் மூலையில் வரவுக்குழாயையும் திரும்புக்குழாயையும் இணைக்கும் ஒரு சிறு பக்கக்குழாயும் அதன் மூன்றுவழி வால்வும் இருக்கும். ஓட்டம் நின்றுவிடக் கூடாது என்று அன்று வைத்தது. அந்த வால்வு கால்பங்கு திறந்தபடி ஒட்டிக்கொண்டால் சூடான நீர் யாருக்கும் பயன்படாமல் நேராகத் திரும்புக்குழாயில் கலக்கும். அந்தக் கட்டடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. அறை இதமாகவே இருக்கும். நான்கு தெரு தள்ளி இருப்பவருக்குத்தான் ஓட்டம் போதாது. தாழ்தர வெப்ப வலையை ஓட்டுபவர்கள் இணைப்பு ஒப்பந்தத்தில் திரும்பு வெப்பநிலையை ஒரு நிபந்தனையாகவே எழுத வேண்டும் என்பேன். வெப்பம் எவ்வளவு வாங்கினீர்கள் என்பதைவிட, நீரை எப்படித் திருப்பித் தந்தீர்கள் என்பது முக்கியம்.

குளியலறைச் சூடுநீர் தனிக் கதை. நுரையீரல் நோய் தரும் லெஜியோனெல்லா பாக்டீரியா 25 முதல் 45 டிகிரி வரையான தேங்கிய நீரில் செழிப்பாக வளரும். ஆகவே குழாய்நீரை 60 டிகிரி அளவுக்குக் கொண்டுபோகாமல் முடியாது. முழு வலையையும் இதற்காக 65 டிகிரிக்கு உயர்த்துவது மேலே சொன்ன ஆதாயம் முழுவதையும் தூக்கி எறிவதாகும். சூடுநீருக்கு மட்டும் வீட்டிலேயே ஒரு சிறு வெப்பப் பம்பு வைத்துவிட்டு, அறையைச் சூடாக்கும் நீரைத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே விட்டுவிடுவதுதான் அறிவான வழி.

அடியில் உள்ள நீரின் குணம்

சுரங்க நீரில் கரைந்த இரும்பு இருக்கும். காற்று பட்டதும் அது காவி நிறச் சேறாகப் படிந்து குழாயை, கிணற்றுச் சல்லடையை, வெப்பப் பரிமாற்றியின் தட்டுகளை அடைத்துவிடும். அதனால் எடுத்த இடத்திலிருந்து திரும்பச் செலுத்தும் இடம் வரை நீர் அழுத்தத்திலேயே, காற்றுப் படாமல் இருக்க வேண்டும். செலுத்தும் கிணற்றின் உள்ளே நீர் அருவிபோல விழுந்தாலும் காற்றை இழுத்துக்கொள்ளும். ஆகவே குழாயின் அடியில் அழுத்தம் காக்கும் வால்வு வேண்டும். சுரங்க நீர் கட்டடங்களின் குழாய்களுக்குள் போகாமல், வெப்பப் பரிமாற்றி வழியே வெப்பத்தை மட்டும் மாற்றுவதற்கும் இதுவே காரணம்.

நிலம் உள்வாங்கும் பயமும் இயல்பாகவே எழும். ஹேர்லெனில் 2011இல் ஒரு வணிக வளாகத்தின் அடியில் நிலம் சரிந்து, கட்டடத்தின் ஒரு பகுதியை இடிக்க நேர்ந்தது. பழைய கரிச் சுரங்க வேலையின் விளைவு என்று அது விளக்கப்பட்டது. வெப்பத் திட்டம் எடுத்த நீரை அதே சுரங்க அமைப்புக்குள் திருப்பிவிடுவதால் நிகர நீர் இறைப்பு இல்லை. இருந்தாலும் அப்படியோர் ஊரில் மக்கள் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் துளைபோடும் இயந்திரத்தை இறக்க வேண்டும்.

வேறொரு பாதை

இதற்கு நேர் எதிரான அணுகுமுறையும் உலகில் சோதிக்கப்பட்டிருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஓகோடோக்ஸ் ஊரிலிருந்த டிரேக் லேண்டிங் குடியிருப்பு, கோடை வெயிலைக் கூரைத் தகடுகளில் பிடித்து, 35 மீட்டர் ஆழமுள்ள 144 துளைகள் வழியே மண்ணுக்குள் சேமித்தது. கோடை முடிவில் அந்த மண் 80 டிகிரி வரை ஏறியது. 52 வீடுகளுக்கும் வெப்பப் பம்பே இல்லாமல் அறைகளைச் சூடாக்கும் தேவையின் 90 சதவீதத்துக்கு மேல் சூரியனே தந்தது. 2007இல் தொடங்கிய அந்த அமைப்பு, உறுப்புகள் பழுதாகிப் புதுப்பிப்பது கட்டுப்படியாகாமல் 2024இல் கைவிடப்பட்டது. வெப்பத்தை உயர்ந்த சூட்டில் சேமிக்கத் தனித் தகடுகள், தனித் தொட்டிகள், தனி உதிரிப் பாகங்கள் எல்லாம் வேண்டும்; 52 வீடுகள் அந்தச் சுமையைத் தாங்கவில்லை. ஹேர்லென் உயர்ந்த சூட்டை நாடவே இல்லை. சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் பம்புகளும் பரிமாற்றிகளுமே அங்கே போதுமாயின. ஆனால் அது மின்சாரத்தை நம்பியே நிற்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கட்டணம் என்ற முடிச்சு

தொழில்நுட்பத்தைவிடச் சிக்கலாக இருப்பது விலை. இங்கே எரிபொருள் செலவு ஏறக்குறைய இல்லை; செலவு முழுவதும் கிணற்றிலும் குழாயிலும் முன்பே கொட்டிய முதலீடு. கட்டடங்கள் ஒவ்வொன்றாகச் சேர்வதோ ஆண்டுக்கணக்கில். முதல் பத்துக் கட்டடங்கள் நூறு கட்டடத்துக்கான குழாயின் வட்டியைச் சுமக்கும். பெரிய கட்டடம் ஒன்று சேருவதாகச் சொல்லிப் பின்வாங்கினால் ஒரு சிறு வலையின் கணக்கே கவிழும். அதனால்தான் இத்தகைய திட்டங்களைத் தனியார் முதலீடு தானாகத் தேடி வருவதில்லை. மாநகராட்சியோ மாகாணமோ முதலில் தோள் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நெதர்லாந்தில் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வெப்பச் சட்டம், வலையில் இணைந்த சிறு நுகர்வோர் எரிவாயுவில் சூடாக்கும் வீட்டைவிட அதிகம் கட்டக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தது. எரிவாயு மலிவாக இருந்தவரை அது நுகர்வோரைக் காத்தது. 2021, 2022இல் எரிவாயு விலை எகிறியபோது அதே சட்டத்தால் எரிவாயுவே எரிக்காத வீடுகளுக்கும் உச்சவரம்பு எகிறியது. சுரங்க நீரின் வெப்பத்துக்கும் எரிவாயுச் சந்தைக்கும் ஒரு தொடர்பும் இல்லாதபோது, கட்டணத்தை மட்டும் அதனோடு கட்டி வைத்தது யாருக்கும் நியாயமாகப் படவில்லை. கட்டணத்தை உண்மைச் செலவோடு இணைக்கும் புதிய சட்டத்துக்கான வேலை வேகம் பிடித்தது இதன் பிறகுதான். இடையில், 2018 ஜூலை முதல் புதிய வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு இல்லை என்ற விதி வந்ததால், வலைகளில் சேர்பவர்கள் எண்ணிக்கைக்கு ஓரளவு உறுதி கிடைத்தது.

ஹேர்லெனின் அனுபவத்தை டிடூகிரிட்ஸ் என்ற ஐரோப்பியக் கூட்டுத் திட்டம் பாரிஸ்-சக்லே, கிளாஸ்கோ, நாட்டிங்ஹாம், போகும், பக்கத்து ஊரான புருன்சும் ஆகிய இடங்களுக்கு எடுத்துச் சென்றது. எல்லா ஊரின் அடியிலும் 28 டிகிரி நீரோ ஹேர்லென் போன்ற சுரங்கமோ இருப்பதில்லை. அது பெரிய தடையுமல்ல. ஆழம் குறைந்த மண்ணிலோ கழிவுநீர்க் குழாயிலோ அலுவலகங்களின் குளிரூட்டியிலோ வெப்பம் கிடைக்கும். தடையாக நிற்பது வேறொன்று. இப்படியொரு திட்ட அறிக்கை கைக்கு வந்தால் நான் முதலில் தேடும் பக்கம், அங்குள்ள கட்டடங்களின் ஜூலை மாதக் குளிர்ச்சித் தேவை. குளிர்காலத்தில் எடுத்ததைக் கோடையில் திருப்பிப் போட ஆளில்லாத இடத்தில், எவ்வளவு பெரிய கிடங்கு இருந்தாலும் அது எடுக்க எடுக்கத் தீரும் எரிவாயு வயல் போன்றதுதான்; ஹேர்லெனின் முதல் வடிவமைப்பு அதைத்தான் தோண்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது தேடும் பக்கம், கட்டடங்களின் திரும்பு வெப்பநிலையை இப்போதே அளந்தார்களா என்பது. பெரும்பாலும் அளந்திருக்க மாட்டார்கள். ஓர் உணரியை ஒரு குளிர்காலம் முழுக்கத் திரும்புக்குழாயில் கட்டிவைத்தால் தெரிந்துவிடும் விஷயம் அது. கிணறு தோண்டும் செலவோடு ஒப்பிட்டால் கணக்கில் எழுதவே தேவையில்லாத தொகை.